ஆடி ஞாயித்துக்கிழமை கூழு ஊத்தணும்னா வெள்ளிக்கிழமை ராத்திரியே மாவு கரைச்சிடுங்க

போன வாரம் என் சித்தி பொண்ணு போன் பண்ணா, நாவலூர் பக்கம் புது ஃப்ளாட்டுக்கு போயி ரெண்டு வருஷம் ஆவுது, "அக்கா, இந்த ஆடிக்கு எங்க அபார்ட்மெண்ட் வாசல்ல இருக்குற வேப்பமரத்துக்கிட்டயே கூழு ஊத்தலாம்னு நாலு வீடு சேர்ந்து முடிவு பண்ணிருக்கோம், அம்மாவும் இல்ல, பெரியம்மாவும் இல்ல, நீதான் சொல்லணும்"னா. சொல்ல ஆரம்பிச்சேன், அவ நடுவுல நடுவுல எவ்ளோ கப்பு, எவ்ளோ நிமிஷம்னு கேட்டுக்கிட்டே இருந்தா. எங்க ஆயாகிட்ட, அதான் பாட்டிகிட்ட, இந்தக் கேள்விய கேட்டிருந்தா "கை சொல்லும் போடி"ன்னு முடிச்சிருக்கும். ஆனா கை பழகாதவங்களுக்கு அளவு வேணும்ல, அதனால போன வருஷம் நான் பண்ணப்போ ஒவ்வொண்ணா அளந்து நோட்டுல குறிச்சு வச்சத அப்படியே எழுதிடுறேன், அவளுக்கும் ஆச்சு, அவள மாதிரி கேக்க ஆள் இல்லாதவங்களுக்கும் ஆச்சு.

மெட்ராஸ்காரங்களுக்கு ஆடிக் கூழுன்னா என்னன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. ஜூலை 17 வாக்குல ஆடி பொறந்துச்சுன்னா ஆகஸ்ட் நடு வரைக்கும் எந்தத் தெருவுக்குள்ள பூந்தாலும் வேப்பிலத் தோரணம், மஞ்சத் துணி, குழாய் ஸ்பீக்கர்ல அம்மன் பாட்டு, ஓரமா செங்கல் அடுப்புல அண்டா. மயிலாப்பூர்ல முண்டகக்கண்ணியம்மன், கோலவிழியம்மன், அந்தாண்ட திருவேற்காடு கருமாரி, மாங்காடு காமாட்சி, இந்தாண்ட பெரியபாளையம் பவானியம்மன், அங்கெல்லாம் கூட்டம் அலைமோதும், சரிதான். ஆனா கூழு தெருமுனையில ரெண்டாள் நிக்கிற அளவுக்கு இருக்குமே அந்த அம்மன் கோயிலோட விஷயம். பழைய வண்ணாரப்பேட்டையில நான் வளந்த தெருவுல அப்படி ஒரு கோயில் இருந்துச்சு, கோயிலுக்குன்னு ஒரு அண்டா, அந்த அண்டாவுக்கு தெருவுல இருந்த எல்லா வீட்டுலேருந்தும் குடத்துல கூழு வரும். அவங்கவங்க வீட்டுல காச்சி, குடத்துக்கு மஞ்ச குங்குமம் வச்சு வேப்பில சொருகி, எடுப்புல தூக்கிக்கிட்டு வந்து அதே அண்டாவுல ஊத்துவாங்க. ஒரு வீட்டுக் கூழு கெட்டியா இருக்கும், ஒரு வீடு தண்ணியா இருக்கும், ஒண்ணு புளிப்பு தூக்கலா, இன்னொண்ணு உப்பே இல்லாம. எல்லாம் ஒண்ணா கலந்து பெரிய கட்டையால ஒரு கலக்கு கலக்கிட்டா அதுக்கப்புறம் யாரு வீட்டுக் கூழுன்னு யாராலயும் பிரிக்க முடியாது. நான் இத எழுதுறதே முக்கியமா அந்த ஒரு கலக்குக்காகத்தான், செய்முறைய மட்டும் தெரிஞ்சுக்கிட்டு நம்ம வீட்டுக்கு மட்டும் ஒரு டம்ளர் காச்சிக் குடிச்சா அது நல்ல காலை டிபன், ஆனா ஆடிக் கூழு ஆவாது.

ஏன் கூழுன்னு ஆயாகிட்ட கேட்டா ரேணுகாதேவி கதைய சொல்லும். அவ புருஷன் ஜமதக்னி முனிவர கார்த்தவீரிய ராஜாவோட பசங்க கொன்னுட்டதும் ரேணுகா தீயில எறங்குனாளாம், மழை வந்து தீய அணைச்சிடுச்சாம், ஒடம்பெல்லாம் கொப்புளம், கட்டிக்க துணியில்லாம வேப்பிலைய கட்டிக்கிட்டு பசின்னு போயி நின்னப்போ ஏழபாழைங்க பச்சரிசி மாவும் வெல்லமும் எளநீயும் குடுத்தாங்களாம், அவதான் மாரியாத்தா, அதனாலதான் அவளுக்கு ஏழை வீட்டு சாப்பாடு. கதை முடிஞ்சதும் ஆயா இன்னொண்ணும் சொல்லும், அது எனக்கு இன்னும் மனசுல நிக்குது. ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்றோம்ல, அந்த மாசத்துல வீட்டுல மிச்சம் இருக்குற நெல்லெல்லாம் விதைக்குப் போயிடும், அறுப்பு தை மாசந்தான், கையில காசு இருக்காது. அந்த நேரத்துல குதிருக்கு அடியில கெடக்குறது கேவுருதான், அதாவது கேழ்வரகு, பூச்சி புழு அண்டாம வருஷக்கணக்கா கெடக்குற தானியம் அது. இருக்குறவன் இல்லாதவனுக்கு ஊத்துறான், கேட்டு வாங்குறதுல கூச்சம் இருக்கக்கூடாதுன்னு ஆத்தா பேரச் சொல்லி ஊத்துறான்.

சரி, வேலைக்கு வரேன்.

மொதல்ல தானியம். நாங்க கேவுருன்னுதான் சொல்லுவோம், மதுரப் பக்கம் கேப்பைன்னு சொல்லுவாங்க, புத்தகத்துல கேழ்வரகு, கடையில ராகி. பாக்கெட் ராகி மாவு வாங்கலாம், தப்பில்ல, ஆனா முடிஞ்சா தானியமா வாங்குங்க. சௌகார்பேட்டை கோவிந்தப்ப நாயக்கன் தெரு மாதிரி மொத்த வியாபாரக் கடைங்க இருக்குற எடத்துலயும் கெடைக்கும், உங்க ஏரியா நாட்டு மருந்துக் கடை, சிறுதானியக் கடையிலயும் கெடைக்கும். 2023ம் வருஷத்த ஐ.நா. சபை சிறுதானிய வருஷம்னு அறிவிச்சதுலேருந்து சூப்பர் மார்க்கெட்லயே ஒரு தனி அலமாரி போட்டுட்டாங்க. அதே வருஷம் தர்மபுரி, நீலகிரி ரேஷன் கடையில 2 கிலோ அரிசிக்கு பதிலா 2 கிலோ கேழ்வரகு குடுக்கவும் ஆரம்பிச்சாங்க. தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரங்களுக்கு அது தெனப்படி சாப்பாடு, நமக்குத்தான் ஆடி மாசத்து ஞாபகமா சுருங்கிப்போச்சு.

வாங்குன தானியத்த மூணு நாலு தண்ணி விட்டு அலசி, கல்லு இல்லாம அரிச்சு எடுங்க. கேவுருல பொடிக்கல்லு நெறைய இருக்கும், பாத்தா தெரியாது, கடிச்சாதான் தெரியும். ஒரு குண்டான்ல தண்ணிய ஊத்தி தானியத்த சுத்திவிட்டு மேலாப்புல வர்றத மட்டும் இன்னொரு பாத்திரத்துல சாச்சி எடுத்துக்கிட்டே வந்தா கல்லு கடைசியா அடியில தங்கும். அப்புறம் மொட்டமாடியில வேட்டி விரிச்சு நெழலா பாத்து ஒரு நாள் காயவச்சு மிஷின்ல குடுத்து அரைச்சிக்கோங்க. மிஷின்ல ஒண்ணு கவனிங்க, உங்களுக்கு முன்னாடி மொளகாத்தூளோ மசாலாவோ அரைச்சிருந்தா கொஞ்சம் பொறுங்க, யாராவது அரிசியோ கோதுமையோ அரைச்சதுக்கு அப்புறம் உங்கள்த குடுங்க, இல்லன்னா அந்தக் காரம் கூழு பூரா ஏறிடும். ரொம்ப நைஸா வேணாம், கையில தேச்சா மெலிசா ஒரு நறநறப்பு தெரியணும். அரைச்சு வந்ததும் சூடா மூடி வைக்காம பேப்பர்ல பரப்பி ஆறவைங்க.

அளவு சொல்றேன். வீட்டுக்கு நாலஞ்சு பேருக்குன்னா ஒரு டம்ளர் மாவு, கால் டம்ளர் அரிசி நொய்யி, காச்சுறதுக்கு தண்ணி மொத்தமா அஞ்சு டம்ளர். தெருவுக்கு ஊத்துறதுன்னா 5 கிலோ மாவு, ஒன்றரை கிலோ நொய்யி, இது 100, 120 பேருக்கு ஆளுக்கு ஒரு சொம்பு தாராளமா வரும். நொய்யி எதுக்குன்னா வெறும் மாவுக் கூழு வழுவழுன்னு தொண்டையில எறங்கிடும், நடுவுல குருணை வாயில தட்டுனாதான் சாப்பிட்ட மாதிரி இருக்கும். பச்சரிசி நொய்யி போடலாம், புழுங்கரிசி நொய்யும் போடலாம், நொய்யி கெடைக்கலன்னா அரிசிய மிக்ஸியில ரெண்டு சுத்து சுத்தி ஒடைச்சிக்கோங்க.

வெள்ளிக்கிழம ராத்திரி மாவு கரைக்கிற வேலை. ஒரு டம்ளர் மாவுக்கு ரெண்டு டம்ளர் தண்ணி, கையாலயே கட்டியில்லாம கரைங்க, கரண்டி போடாதீங்க, இட்லி மாவுக்கு சொல்ற மாதிரிதான், கை பட்டாதான் நல்லா புளிக்கும். சட்டிய தட்டு போட்டு மூடி மேடையில ஒரு ஓரமா வச்சிடுங்க, ஃப்ரிட்ஜ்ல வைக்காதீங்க. நம்ம ஊரு ஆடிச் சூட்டுக்கு காலையில பாத்தா மேல மெல்லிசா நுரை கட்டியிருக்கும், மோர் வாசனையும் மண் வாசனையும் கலந்த மாதிரி ஒரு புளிச்ச வாசனை வரும். அந்த வாசனைதான் கணக்கு, கெட்ட வாடை அடிச்சாலோ மேல கலர் கலரா பூஞ்சை தெரிஞ்சாலோ யோசிக்காம கொட்டிடுங்க. இந்த புளிக்க வைக்கிறத நெறைய பேரு அவசரத்துல விட்டுடுறாங்க. கேவுருல 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்குன்னு எல்லா டப்பாவுலயும் போட்டிருப்பான், ஆனா தானியத்துல இருக்குற ஃபைட்டிக் அமிலம் அந்த சத்த ஒடம்புல சேரவிடாம புடிச்சு வச்சிக்கும், புளிக்கிறப்போ அந்த அமிலம் கொறையும். ஆயாவுக்கு இந்த அமிலம் பேரெல்லாம் தெரியாது, "புளிக்காத கூழு வயித்துல கல்லு மாதிரி ஒக்காரும்"னு மட்டும் சொல்லும்.

எனக்கு கல்யாணம் ஆயி மேடவாக்கம் பக்கம் வந்த மொத வருஷம், வேலைக்குப் போற அவசரத்துல பாக்கெட் மாவ காலையில கரைச்சு காலையிலயே காச்சி மோரு ஊத்தி அம்மாவுக்கு ஒரு சொம்பு எடுத்துக்கிட்டு போனேன். அம்மா ஒரு வாய் குடிச்சிட்டு சொம்ப கீழ வச்சிட்டாங்க, ஒண்ணும் சொல்லல. அடுத்த வெள்ளிக்கிழம ராத்திரி எட்டு மணிக்கு போன் பண்ணி "மாவு கரைச்சிட்டியா"ன்னு மட்டும் கேட்டாங்க. அம்மா இருந்த வரைக்கும் ஒவ்வொரு ஆடிக்கும் அந்த போன் வந்துச்சு.

சனிக்கிழம சாயங்காலம் காச்சணும். அடி கனமான குண்டான் இல்லன்னா பழகுன மண்சட்டி எடுத்துக்கோங்க. மிச்சம் மூணு டம்ளர் தண்ணிய கொதிக்கவச்சு கழுவுன நொய்யப் போட்டு நல்லா கொழைய வேகவிடுங்க, பத்து பன்னெண்டு நிமிஷம் ஆவும். நொய்யி அரைவேக்காடா இருக்கும்போது மாவ ஊத்திடாதீங்க, மாவு கெட்டியானதுக்கு அப்புறம் நொய்யி வேகவே வேகாது. வெந்ததும் தீய கொறைச்சிட்டு, புளிச்ச மாவ அடியிலேருந்து ஒரு தடவ நல்லா கலக்கி, ஒரு கையால மெல்லிசா ஊத்திக்கிட்டே இன்னொரு கையால கிண்டணும். நிறுத்தக்கூடாது. காஞ்ச மாவ கொதிக்கிற தண்ணியில கொட்டுனா வெளிப்பக்கம் மட்டும் வெந்து உள்ள பச்ச மாவு அப்படியே மாட்டிக்கும், அதான் கட்டி, அதுக்காகத்தான் முன்னாடியே தண்ணியில கரைச்சு ஊத்துறோம்.

இப்ப சட்டியையே பாத்துக்கிட்டு இருங்க. மொதல்ல செம்மண் தண்ணி மாதிரி வெளுத்த கலர்ல இருக்கும், மூணு நாலு நிமிஷத்துல கட்டை திடீர்னு கனக்கும், கலரு கருஞ்செவப்பா மாறும், மேல ஒரு பளபளப்பு ஏறும், பளக் பளக்னு பெரிய பெரிய கொமிழி ஒடைஞ்சு கையில தெறிக்கும், நீளக் கட்டையா வச்சிக்கிட்டு கொஞ்சம் தள்ளியே நின்னு கிண்டுங்க. அப்பவே வெந்துடுச்சுன்னு அடுப்ப அணைச்சிடாதீங்க, சிறு தீயில இன்னும் பத்து பதினஞ்சு நிமிஷம் வேணும். வெந்துச்சான்னு பாக்க தண்ணியில கைய நனைச்சு மேல லேசா தொட்டுப் பாருங்க, ஒட்டலன்னா வெந்துடுச்சு, பிசுக்குன்னு ஒட்டுனா இன்னும் கிண்டணும். பச்ச வாடை போயி கேவுரு அடை சுட்ட மாதிரி ஒரு வாசனை வரும். உப்பு இப்ப வேணாம், நாளைக்குத்தான். எறக்கி, மூடாம நல்லா ஆறவிட்டு, அப்புறம் மெல்லிசான துணி கட்டி ராத்திரி பூரா அப்படியே வச்சிடுங்க. இங்க இன்னொரு தடவ புளிக்கும், ரெண்டு புளிப்பும் சேந்தாதான் கூழு.

அண்டாவுல காச்சுறவங்களுக்கு ஒண்ணு, ஒத்த ஆளு வேலை இல்ல அது. ஒருத்தர் ஊத்த ரெண்டு பேரு மாத்தி மாத்தி கிண்ட, ஒருத்தர் வெறகு தள்ள. எங்க தெருவுல கிண்டுறதுக்குன்னு தோள் வலுவுள்ள பசங்கள புடிச்சிட்டு வருவாங்க, அதுல ஒருத்தன் வேளாங்கண்ணி மாதாவுக்கு மாலை போடுற வீட்டுப் பையன், வருஷா வருஷம் அவன் வராம அண்டா ஏறாது. ரமலான்ல பக்கத்துத் தெரு பள்ளிவாசல்லேருந்து தூக்குல நோன்புக் கஞ்சி எங்களுக்கு வரும், ஆடியில எங்க தெருக் கூழு அதே தூக்குல அங்க போவும். இப்ப நெனச்சுப் பாத்தா எங்க தெரு எப்படிப்பட்ட தெருன்னு அந்தத் தூக்கே சொல்லிடும்.

ஞாயித்துக்கிழம காலையில துணியப் பிரிச்சா கூழு இறுகி களி மாதிரி நிக்கும். அத கைய விட்டு நல்லா ஒடைச்சு, கொஞ்சம் கொஞ்சமா தண்ணி தெளிச்சு கட்டியில்லாம கரைங்க. கல்லுப்பு போடுங்க. ஒரு டம்ளர் மாவுக்கு ஒண்ணு ஒன்றரை டம்ளர் புளிச்ச மோரு, மிச்சம் தண்ணி, எவ்ளோ தளர்த்தியா வேணுமோ அவ்ளோ. மோரு ஊத்துனதுக்கு அப்புறம் வெயில்ல ரொம்ப நேரம் தாங்காது, அதனால அண்டாவுக்கு மொத்தமா கலக்காம ஊத்த ஊத்த குடம் குடமா கலந்துக்கோங்க. சின்ன வெங்காயத்த பொடியா நறுக்கி மேல நெறைய தூவுங்க, பெரிய வெங்காயம் வேணாம், அது வேற ருசி. சில வீட்டுல பச்ச மாங்காயும் பொடியா அரிஞ்சு போடுவாங்க, மொளகா கிள்ளி போடுவாங்க, அது உங்க இஷ்டம்.

தொட்டுக்க என்னன்னு கேட்டா அதுதான் பெரிய சேப்டர். கூழு வண்டிக்காரங்க தட்டுல வரிசையா வச்சிருப்பாங்களே, மோர் மொளகா, கொத்தவரங்கா வத்தல், சுண்டக்கா வத்தல், மாங்கா கீத்து, பொரிச்ச நெத்திலி, அதெல்லாம் வெயில் மாசத்துல மொட்டமாடியில வத்தல் போட்டு வச்சிருந்தா நீங்க ராஜா. வீட்டுல ஆடிக்குன்னு நாங்க ரெண்டு பண்ணுவோம், முருங்கக்கீர, கருவாட்டுக் கொழம்பு.

முருங்கக்கீரைய உருவுறதுக்கு பயந்தே பாதி பேரு வாங்கறதில்ல. ராத்திரியே கட்டோட ஒரு துணியில இறுக்கி சுத்தி வச்சிடுங்க, காலையில உதறுனா எலையெல்லாம் தானா கொட்டிடும், காம்ப மட்டும் பொறுக்குனா போதும். காராமணி வேகவச்சு, காஞ்ச மொளகா, பூண்டு தாளிச்சு, கீரையப் போட்டு மூடாம வதக்குங்க, மூடுனா கசக்கும். கடைசியா தேங்கா.

கருவாட்டுக் கொழம்புக்கு நெத்திலிக் கருவாடு 100 கிராம், ராத்திரியே ஊறவச்ச காஞ்ச மொச்ச ஒரு கைப்புடி, பிஞ்சு கத்திரிக்கா நாலு, எலுமிச்சங்கா அளவு புளி. காசிமேட்டுல வாங்குனாலும் சிந்தாதிரிப்பேட்டையில வாங்குனாலும் கருவாட்ட கையில எடுத்து மோந்து பாருங்க, கடல் வாசனை அடிக்கணும், ஊசுன எண்ண வாடை அடிக்கக்கூடாது, முறிச்சா டப்புன்னு ஒடையணும். தலையும் கொடலும் கிள்ளி எறிஞ்சிட்டு வெந்நியில அஞ்சு நிமிஷம் போட்டு மூணு தடவ அலசுங்க, மண்ணு அடியில தங்கும். மொச்சைய தனியா வேகவச்சிக்கோங்க. சட்டியில நல்லெண்ண தாராளமா ஊத்தி கடுகு, வெந்தயம், கறிவேப்பில தாளிச்சு, சின்ன வெங்காயம் இருவது, பூண்டு எட்டு பல்லு, தக்காளி ரெண்டு, வரிசையா வதக்கி கத்திரிக்காயப் போட்டு பொரட்டுங்க. வீட்டுல அரைச்ச கொழம்பு மொளகாத்தூள் மூணு ஸ்பூன், மஞ்சத்தூள், புளித்தண்ணி. பச்ச வாடை போயி எண்ண ஓரத்துல பிரிஞ்சு வரும்போது மொச்சையும் கருவாடும் போட்டு ஏழெட்டு நிமிஷம், அவ்ளோதான், அதுக்கு மேல கரண்டி போட்டு கலக்குனா நெத்திலி ஒடைஞ்சு முள்ளா போயிடும், சட்டிய புடிச்சு ஒரு சுத்து சுத்துங்க போதும். உப்பு கடைசியா ருசி பாத்துட்டுத்தான், கருவாட்டுலயே இருக்கும். பிரஷர் இருக்குறவங்களுக்கு கருவாட்டுத் துண்டு வைக்காம கொழம்ப மட்டும் கொஞ்சமா ஊத்துங்க.

இங்கதான் சித்தி பொண்ணு தயங்குனா. "அக்கா, கருவாடு மட்டும் வேணாம்னு அசோசியேஷன்ல சொல்றாங்க, நாத்தம் அடிக்குமாம்." எனக்கு இது புதுசு இல்ல. நான் படிச்ச ஸ்கூல்ல ஒரு நாள் டிபன் பாக்ஸ்ல கேவுரு அடையும் கருவாட்டுத் தொக்கும் கொண்டுபோனேன், பக்கத்துல ஒக்காந்த பொண்ணு எழுந்து வேற பெஞ்சுக்குப் போயிட்டா, அடுத்த நாளே ஒரு டீச்சர் அம்மாவ கூப்பிட்டு "இதெல்லாம் குடுத்தனுப்பாதீங்க"ன்னு சொன்னாங்க. அன்னியிலேருந்து காலேஜ் முடிக்கிற வரைக்கும் டப்பாவுல லெமன் சாதம்தான். ஆயா கேட்டுச்சு, "ஏன்டி, நம்ம சோறு நமக்கே வெக்கமா?" அந்தக் கேள்விக்கு பதில் சொல்ல எனக்கு இருவது வருஷம் ஆச்சு. ஆயாவோட ஊரு ஊத்துக்கோட்ட பக்கம், அதோட சின்ன வயசுல நெல்லுச்சோறு தீவாளிக்கும் பொங்கலுக்கும்தான், மத்த நாளெல்லாம் கூழும் களியும். பட்டணத்துக்கு வந்து நாலு காசு பாத்ததும் மூணு வேளையும் அரிசிச்சோறு திங்கறதுதான் கௌரவம்னு ஆயிடுச்சு, கூழு குடிக்கிற வீடுன்னா ஏழை வீடு, கருவாடு காயுற தெருன்னா குப்பம், இப்படி ஒரு வாசனைய வச்சே ஆளோட சாதியையும் ஏரியாவையும் கணக்கு போட்டுடுறாங்க. இன்னிக்கு அதே கேவுர கண்ணாடி பாட்டில்ல ஊத்தி கஃபேல விக்கிறாங்க, நல்லதுதான், யாரு குடிச்சாலும் நல்லதுதான், ஆனா கூழ மட்டும் எடுத்துக்கிட்டு கூட வர்ற கருவாட்டையும் மனுசங்களையும் வாசல்லயே நிறுத்துனா எனக்கு ஒப்பல.

அதனால அவளுக்கு நான் சொன்னது இதுதான். சண்ட போடாத, விட்டும் குடுக்காத. கூழு யாருக்கும் ஆவும், அத பொதுவா வை, கருவாட்டுக் கொழம்ப தனிச் சட்டியில தனிக் கரண்டியோட தள்ளி ஒரு மேசையில மூடி வை, வேணுங்கறவங்க போயி ஊத்திக்கட்டும். சைவம் சாப்பிடுறவங்களுக்கு அதே கொழம்ப கருவாடு போடாம மொச்சையும் கத்திரிக்காயும் மாங்காயும் போட்டு இன்னொரு சட்டி, இதுவும் எங்க தெருவுல உண்டு, விரதம் இருக்குறவங்களுக்காக. அசோசியேஷன் ஆளுங்ககிட்ட முன்னாடியே உக்காந்து பேசிடு, "ஆத்தாவுக்கு படைக்கிறது, எங்க வீட்டு வழக்கம்"னு நிமிந்து சொல்லு, மன்னிப்பு கேக்குற மாதிரி சொல்லாத. எங்க தெருவுல ராத்திரி கும்பம் போடுறப்போ, அதாவது ஆத்தாவுக்கு சோத்த குவிச்சு படைக்கிறப்போ, அந்த சோத்து மேல கருவாட்டுக் கொழம்பும் முருங்கக்கீரையும் முட்டையும்தான் படைப்பாங்க, ஆத்தாவே சாப்பிடுறது நாத்தமாவுமா?

எங்க வழக்கம் மட்டுந்தான் வழக்கம்னும் நான் சொல்ல மாட்டேன். எங்க அபார்ட்மெண்ட் கீழ்வீட்டுல ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம் இருந்தாங்க, ஆடி மொத நாள் அவங்க குடுத்த கூழு இனிப்பு, அரிசி மாவுல பயறும் தேங்காச் சொட்டும் பனங்கட்டியும் போட்டது, எங்களுக்கு வெயில்ல குடிக்கிற புளிப்பு, அவங்களுக்கு அது பண்டிக இனிப்பு, மாசம் மட்டும் ஒண்ணு. தெலுங்குக்காரங்க இதே கேவுரு கூழ அம்பலின்னு சொல்லுவாங்க. கேவுரே எத்தியோப்பியா, உகாண்டா பக்கத்து மேட்டு நிலத்துலேருந்து சில ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இங்க வந்து சேந்ததுதான். வந்தத நம்மள்தா ஆக்குனது காச்சுன கையிங்கதான். உங்க வீட்டு அண்டாவுல பக்கத்து வீட்டுக்காரங்க வேற மாதிரி ஒண்ணு ஊத்துறேன்னு வந்தா ஊத்தவிடுங்க.

அபார்ட்மெண்ட்ல பண்றவங்க ஒரே கேட்டரிங்ல ஆர்டர் குடுத்துடாதீங்க. ஒரு வாரம் முன்னாடி நாலு வீட்டுக்காரங்க போயி கதவ தட்டுங்க, சமைக்க முடிஞ்ச வீட்டுக்கு அரைக்கிலோ மாவு குடுத்து இந்த அளவ எழுதிக் குடுங்க, முடியாதவங்க வெங்காயம் உரிக்கட்டும், மோரு வாங்கித் தரட்டும். ஞாயித்துக்கிழம ஒம்பது மணிக்கு எல்லா குடமும் வேப்பமரத்தடிக்கு வரணும், மொதல்ல ஆத்தாவுக்கு ஒரு சொம்பு வச்சு கற்பூரம் காட்டிட்டு ஊத்த ஆரம்பிங்க. வெளிய ரோட்டுப் பக்கம் பாத்து ஊத்துங்க, கேட்டுக்கு உள்ள இல்ல. செக்யூரிட்டி அண்ணன், வீட்டு வேலைக்கு வர்ற அக்காங்க, டெலிவரி பசங்க, ரோட்டுல போற ஆட்டோக்காரர், எல்லாருக்கும் அதே அண்டா அதே கரண்டி. யாரையும் ஓரமா நில்லுன்னு சொல்லாதீங்க. ரெண்டாவது தடவ வந்து சொம்ப நீட்டுனா ஊத்துங்க, கேள்வி கேக்காதீங்க. பிளாஸ்டிக் கப்பு வாங்கவே வாங்காதீங்க, 2019 ஜனவரி 1லேருந்து நம்ம மாநிலத்துல அதுக்கு தடை, அவங்கவங்க சொம்போ தூக்கோ எடுத்துட்டு வரச் சொல்லி முந்தின நாளே சொல்லிடுங்க, வெறுங்கையோட வர்றவங்களுக்கு ஒரு இருவது எவர்சில்வர் டம்ளரும் கழுவ ரெண்டு பக்கெட் தண்ணியும் வச்சிருந்தா போதும். குடிக்கிற தண்ணி கேன் தண்ணியாவோ காச்சி ஆறவச்சதாவோ இருக்கட்டும், அண்டா மேல ஈ உக்காராம துணி போட ஒரு ஆள நிறுத்துங்க.

பன்னெண்டு மணிக்குள்ள முடிச்சிடுங்க, வெயில் ஏறுனா மோரு போட்ட கூழு பொங்கும். மோரு கலக்காத களி மிச்சம் இருந்தா உருண்ட புடிச்சு தண்ணியில போட்டு வைங்க, ஃப்ரிட்ஜ்ல ரெண்டு நாள் இருக்கும், வேணுங்கறப்போ ஒரு உருண்ட எடுத்து கரைச்சிக்கலாம். அண்டா அடியில புடிச்சிருக்குற காந்தல ஒடனே சொரண்டாதீங்க, வராது, கை வலிதான் மிச்சம். தண்ணி ஊத்தி சாயங்காலம் வரைக்கும் ஊறவிட்டா பாளம் பாளமா பேத்துக்கிட்டு வரும், அத வேப்பமரத்தடியில கொட்டுங்க, எங்க தெருவுல அதுக்கு காக்காவும் அணிலும் முன்னாடியே வந்து காத்துக்கிட்டு இருக்கும்.